புதுக்கடையில் கேட்கும் இலத்தீன்: வழக்குக் கடதாசிச் சொற்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"உங்கட வழக்கு எக்ஸ் பார்ட்டே போயிட்டுது" என்று, கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி சொன்னால், கேட்கிறவர் பெரும்பாலும் தலையாட்டிவிட்டு வெளியே வருவார். படியிறங்கிய பிறகுதான் கூட வந்தவரிடம், "அவர் சொன்னது நல்லதோ, கெட்டதோ?" என்று கேட்பார். நீதிமன்றக் கடதாசிகளைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சொல் இலத்தீன். நம்மில் யாரும் அதைப் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. ஆனால் அதன் பின்னால் ஒரு காலக்கெடு நிற்கிறது. அது தெரியாவிட்டால் வீடே கைநழுவலாம். அதனால் இந்தக் கட்டுரையில் அகராதிப் பொருளோடு நிற்காமல், அந்தந்தச் சொல் வழக்காடுபவரை என்ன செய்கிறது என்பதையும் சொல்லப் பார்க்கிறேன்.

எக்ஸ் பார்ட்டே என்றால் "ஒரு தரப்பிலிருந்து மட்டும்". கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் அவர்களை எழுப்பச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். அழைப்பாணை வருகிறது. கடதாசி சிங்களத்தில் இருக்கிறது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மனைவி அதை வாங்கிக் கையெழுத்து வைத்துவிட்டு, அவர் லீவில் வந்ததும் பார்க்கலாம் என்று அலுமாரிக்குள் வைக்கிறார். குறித்த திகதியில் நீதிமன்றத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள், யாரும் வரமாட்டார்கள். அப்புறம் நீதிபதி வழக்காளியின் சாட்சியத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு வழங்கலாம். அதுதான் எக்ஸ் பார்ட்டே தீர்ப்பு. எதிராளி பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அது நீதிபதியின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

கதை அத்தோடு முடிவதில்லை. அந்தத் தீர்ப்பாணை எதிராளிக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும். அது கையில் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போய், வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் தீர்ப்பை நீக்கிவிட்டு வழக்கை மறுபடியும் நடத்தலாம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான சான்று, அழைப்பாணை உண்மையில் தனக்குக் கிடைக்கவே இல்லை என்பதற்கான சாட்சியம், இப்படி ஏதாவது வேண்டும். 14 நாள் கடந்தபின் நேரே மேன்முறையீடு செய்யலாம் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். வராத குற்றத்துக்காகக் கொடுக்கப்பட்ட அந்தத் தீர்ப்பை எதிர்த்து நேரடி மேன்முறையீடு கிடையாது. ஆகவே எக்ஸ் பார்ட்டே என்ற சொல் காதில் விழுந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தீர்ப்பாணை எந்தத் திகதியில் சேர்ப்பிக்கப்பட்டது?

இதே அளவுக்கு ஆபத்தான இன்னொரு சிறு சொல் நைசை. "இல்லாவிட்டால்" என்பது அதன் பொருள். விவாகரத்து வழக்கு முடிந்ததும் மாவட்ட நீதிமன்றம் முதலில் தருவது டிக்ரி நைசை. எதிர்க்காரணம் எதுவும் காட்டப்படாவிட்டால் இது நிலைக்கும் என்று அர்த்தம். குறைந்தது 3 மாதம் கழிந்த பிறகே அது டிக்ரி அப்சலூட், அதாவது முடிவான தீர்ப்பாணை ஆகும். அதுவரை சட்டத்தின் கண்ணில் இருவரும் கணவன் மனைவிதான். "கோர்ட்டில தீர்ப்புக் கிடைச்சாச்சு" என்று நம்பி இந்த இடைவெளிக்குள் இன்னொரு பதிவுத் திருமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. பிள்ளை பிறந்து, பிறப்புச் சான்றிதழ், சொத்து என்று வரும்போதுதான் அதன் வலி தெரியும். முஸ்லிம்களின் விவாகரத்துக் காதி நீதிமன்றத்துக்குரியது. அங்கே நடைமுறை வேறு.

கொழும்புக்கு இலத்தீன் எப்படி வந்தது?

சிங்களமும் தமிழும் பேசும் ஊரில், ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கில், ரோமாபுரியின் மொழிக்கு என்ன வேலை? அது வந்தது இரண்டு வழியாக. அந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் சொற்கள் பாதி விளங்கிவிடும்.

முதல் வழி ஒல்லாந்தர். 1656இல் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்தார்கள். அந்த முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட்டின் பெயரால்தான் நாம் புதுக்கடை என்று சொல்லும் இடத்துக்கு ஹல்ஸ்டொர்ப் என்ற பெயர் வந்தது. கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் ஊர்ச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். பழைய ரோமச் சட்டமும் ஒல்லாந்து மாகாண வழமையும் கலந்த அதைத்தான் ரோமன் டச்சுச் சட்டம் என்கிறோம். 1796இல் பிரித்தானியர் வந்தார்கள். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தில், ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடர்ந்து நடக்கும் என்று அறிவித்தார்கள். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது, நெதர்லாந்து அந்தச் சட்டத்தை 1809இலேயே கைவிட்டு, நெப்போலியன் வழிவந்த கோவைக்கு மாறிவிட்டது என்பதுதான். பிறந்த வீட்டில் இல்லாத சட்டம் கொழும்பிலும் தென்னாபிரிக்காவிலும் உயிரோடு இருக்கிறது. காணி, ஒப்பந்தம், நட்டஈடு என்று வரும்போது, 17ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய யொஹான்னஸ் வோட் என்ற ஒல்லாந்தப் பேராசிரியரை இன்றும் நம் நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இரண்டாவது வழி ஆங்கிலேயர். அரசாங்க அதிகாரியைக் கேள்வி கேட்கும் எழுத்தாணைகள், குற்றவியல் கோட்பாடுகள், சாட்சியச் சட்டம், தீர்ப்பை வாசிக்கும் முறை எல்லாம் லண்டனிலிருந்து வந்தவை. அவற்றோடு ஆங்கில வழக்கறிஞர்கள் பேசிய இலத்தீனும் வந்தது.

உண்மையில், பெயர் தெரியாமலே நம் வீடுகளில் இலத்தீன் புழங்கியிருக்கிறது. உறுதி எழுதும் நொத்தாரிசு, மேல் கோட்டில் வாதாடிய அப்புக்காத்து, கந்தோர் வைத்துக் கோவை நடத்திய பிறக்கிராசி: மூன்றும் இலத்தீன் வேரிலிருந்து ஐரோப்பியர் வாய்வழி வந்து நம் நாவில் படிந்த சொற்கள். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்துக்குப் பிறகு அப்புக்காத்தும் பிறக்கிராசியும் ஒன்றாகிச் சட்டத்தரணி ஆனார்கள். அப்பாச்சி காலத்து ஆட்கள் மட்டும் இன்னும் பழைய பெயரைச் சொல்வார்கள். சத்தியக் கடதாசி என்று நாம் சொல்லும் அஃபிடவிட் கூட "அவர் சத்தியம் செய்திருக்கிறார்" என்ற ஒரு முழு இலத்தீன் வாக்கியம்தான். சமாதான நீதவான் முன் கையெழுத்து வைக்கும்போது அதைத்தான் செய்கிறோம். அதனால்தான் வாசிக்காமல் அதில் கையெழுத்து வைக்கக் கூடாது.

காணியும் உறுதியும்

கொழும்பில் இலத்தீன் அதிகம் கேட்பது காணி வழக்குகளில். ரெய் விண்டிகாட்டியோ என்றால் "பொருளை உரிமைகோரி மீட்டல்". என் காணியில் இன்னொருவர் இருக்கிறார், அவரை எழுப்பித் தாருங்கள் என்று சொந்தக்காரர் போடும் வழக்கு இது. பலர் தவறாக நினைக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. "அவனிட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை, நான் வெல்லுவன்" என்பார்கள். அது போதாது. வழக்காளி தன் உரிமையைத் தன் உறுதிகளைக் கொண்டே நிரூபிக்க வேண்டும். எதிராளியின் பலவீனத்தில் வழக்காளி வெல்ல முடியாது. தாத்தா பெயரில் உள்ள உறுதிக்கும் உங்கள் பெயருக்கும் நடுவே ஒரு கண்ணி விடுபட்டிருந்தால், எதிரே இருப்பவர் வெறுங்கையோடு நின்றாலும் வழக்குத் தோற்கலாம். அத்தோடு 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது: வேறு யாருடைய உரிமையையும் ஏற்காமல், இடையறாது 10 வருடம் ஆண்டு அனுபவித்தவர் அந்தக் காணியைத் தனதென்று கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்த 10 வருடக் கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது.

லிஸ் பென்டென்ஸ் என்றால் "நிலுவையில் இருக்கும் வழக்கு". வெள்ளவத்தையில் ஒரு துண்டுக் காணியோ ஒரு பழைய வீடோ வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யும்போது, அந்தக் காணிக்குரிய பக்கத்தில் கொடைகள், விற்பனைகள், ஈடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். அவற்றுக்கு நடுவே லிஸ் பென்டென்ஸ் என்று ஒரு பதிவு இருந்தால், நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் அங்கேயே இருக்கும். அந்த வழக்கின் முடிவு வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் என்பதற்கான அறிவித்தல் அது. பலருக்குக் கூட்டாக உள்ள காணியைப் பங்கு பிரித்துத் தரக் கேட்கும் பிரிவினை வழக்கானால் இன்னும் கடுமை. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி, லிஸ் பென்டென்ஸ் பதியப்பட்ட பிறகு, வழக்கு முடியும்வரை பிரிபடாத பங்கை ஒருவர் தன் விருப்பில் விற்றால் அந்த விற்பனை செல்லுபடியாகாது. காசு கொடுத்தவர் காசுக்காக அலைய வேண்டியதுதான். தேடுதல் அறிக்கையை நொத்தாரிசிடமிருந்து கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள்.

ரோமச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்துப்போவது லெசியோ எனோர்மிஸ் என்ற இடத்தில். "பெருந்தீங்கு" என்று சொல்லலாம். ஒரு பொருளை அதன் உண்மைப் பெறுமதியில் பாதிக்கும் குறைவாக விற்றவர், விற்பனையை இரத்துச் செய்யும்படி கேட்கலாம் என்பது இதன் சாரம். 60 இலட்சம் பெறுமதியான காணியை, அதன் மதிப்புத் தெரியாமல் ஒரு வயோதிபர் 25 இலட்சத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால், பாதியான 30 இலட்சத்தைக்கூட அது தொடவில்லை. அவர் நீதிமன்றம் போக வழி உண்டு. ஏமாற்று, மிரட்டல் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, விலையே பேசும். ஆனால் உண்மையான பெறுமதியைத் தெரிந்துகொண்டே குறைத்து விற்றவருக்கு இது உதவாது. இந்தக் கோட்பாட்டின் வேர் 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட ரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் காலத்தது. தென்னாபிரிக்கா 1952இல் இதைச் சட்டம் போட்டு நீக்கியது. இங்கே நீக்கவில்லை. நீக்காதது நல்லது என்பதே என் எண்ணம். அவசரத்துக்கு விற்கிறவர்கள் நிறைந்த நாடு இது.

ஃபிடெய்கொமிசம் என்ற சொல்லைப் பழைய உறுதிகளில் மட்டும் காணலாம். வீட்டை மகனுக்குக் கொடுத்து, அவன் அதை விற்கக் கூடாது, அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்கே சேர வேண்டும் என்று கட்டிவைப்பது. தலைமுறை தலைமுறையாகக் காணி முடங்கிக் கிடந்ததால் 1972இல் இது ஒழிக்கப்பட்டது.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் பராட்டே சட்டமும் இந்தக் குடும்பந்தான். "ஆயத்தமான" என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒல்லாந்தச் சட்டமொழி வழியாக வந்தது. வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமல், தன் பணிப்பாளர் சபையின் தீர்மானத்தை மட்டும் வைத்து, ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விடும் அதிகாரம் அது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதை வங்கிகளுக்குக் கொடுத்தது. பொருளாதார நெருக்கடியில் அகப்பட்ட சிறு, நடுத்தரத் தொழில் செய்வோரின் கோரிக்கையால் 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போது, வழக்கு என்று ஒன்று வந்தால் அங்கே பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வழியில் வங்கிதான் வழக்குப் போடாமல் நேரே ஏலத்துக்குப் போகிறது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் கடன்பட்டவர்தான் நீதிமன்றம் ஓட வேண்டும்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் ஆணைகள்

அரசியலமைப்பின் 140ஆம், 141ஆம் உறுப்புரைகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சில எழுத்தாணைகளை வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கின்றன. பேச்சில் ரிட் என்கிறோம். மாகாண சபைகளுக்குரிய விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரம் உண்டு.

இவற்றில் ஹேபியஸ் கோர்ப்பஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் சனத்துக்கு அது வெறும் சட்டச் சொல் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும், கொழும்பிலும் கூட, பிள்ளையை யாரோ கூட்டிச் சென்ற பிறகு தாய்மார் முதலில் கற்றுக்கொண்ட இலத்தீன் இதுதான். ஆட்கொணர்வு மனு என்று தமிழில் சொல்கிறோம். "நீ ஆளைக் கொண்டுவா" என்பதே அதன் சாரம். கோர்ப்பஸ் என்பதற்கு உடல் என்று பொருள். ஆனால் இங்கே அது பிணத்தைக் குறிக்கவில்லை. உயிருள்ள ஆளைத்தான் குறிக்கிறது. இந்த மனுவைப் போடுவதால் ஆள் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்வதாகாது. நேர்மாறாக, அவர் உங்கள் காவலில் இருக்கிறார், அவரை நீதிபதி முன் நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று காட்டு என்று அதிகாரத்தைக் கேட்பது இது. பிடிபட்டவர் தானே போட வேண்டும் என்றில்லை. தாயோ மனைவியோ போடலாம். மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பகுதியில் உள்ள கீழ் நீதிமன்றம் ஒன்றை விசாரித்து அறிக்கை தரும்படியும் பணிக்கலாம். அதனால்தான் கொழும்பில் போட்ட மனுவின் விசாரணை சிலவேளை வேறு மாவட்டத்தில் நடக்கிறது. வழக்கு இடம் மாறிவிட்டது, கைவிட்டுவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டாம்.

இந்த ஆணை இங்கே பலித்த புகழ்பெற்ற சந்தர்ப்பம் 1937இல் வந்தது. பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் தோட்டத்துரை வேலை பழக வந்து, தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறிப் பேசத் தொடங்கினார். அந்தத் தொழிலாளர் நம் மலையகத் தமிழர். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவர் தலைமறைவானார், காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரென மேடையில் தோன்றினார், பிறகு இதே புதுக்கடையில் ஒரு வீட்டில் கைதானார். ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம், அவசரநிலை ஒன்று இல்லாத வேளையில் தேசாதிபதிக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று கண்டு அவரை விடுவித்தது. முடிக்குரிய தேசாதிபதியின் கையொப்பத்தை இரண்டு இலத்தீன் சொற்கள் நிறுத்திவைத்தன.

மற்ற ஆணைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். சேர்ஷியோராரி, ஓர் அதிகாரி சட்டத்துக்குப் புறம்பாக எடுத்த முடிவைத் தூக்கியெறியச் செய்வது. புரோகிபிஷன், அப்படியொரு முடிவை எடுக்கவிடாமல் முன்கூட்டியே தடுப்பது. மண்டாமுஸ் என்றால் "நாம் கட்டளையிடுகிறோம்". சட்டப்படி செய்தே ஆக வேண்டிய கடமையை ஓர் அலுவலகம் செய்யாமல் இழுத்தடித்தால், செய் என்று பணிப்பது. அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்பட்ட விடயத்துக்கு மண்டாமுஸ் கிடைக்காது. குவோ வொறண்டோ, "எந்த அதிகாரத்தால் இந்தக் கதிரையில் இருக்கிறாய்?" என்று கேட்பது. 2018இல் 122 பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டது இதைத்தான். அந்த மனுவில் 2018 டிசெம்பர் 3ஆம் திகதி, மகிந்த ராஜபக்ச பிரதமராகச் செயற்படுவதைத் தடுத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. அந்த நாட்களில் வானொலிச் செய்தியில் குவோ வொறண்டோவைக் கேட்காதவர் இல்லை.

இந்த மனுக்களில் கூடவே வரும் இன்னும் இரண்டு: ஒல்ட்ரா வைரீஸ் என்றால் "அதிகார எல்லைக்கு அப்பால்", சட்டம் கொடுக்காத கட்டணத்தை ஒரு சபை அறவிட்டால் அது இந்த வகை. லோகஸ் ஸ்டாண்டி என்றால் "நிற்க இடம்". இந்த விடயத்தில் வழக்குப் போட உனக்கு என்ன தகைமை என்ற கேள்வி.

மறுபக்கத்தையும் கேள்

ஓடி ஆல்டரம் பார்ட்டெம். "மறு தரப்பையும் கேள்." நெமோ யூடெக்ஸ் இன் கௌசா சுவா. "தன் வழக்கில் தானே நீதிபதியாக யாரும் இருக்கலாகாது." இயற்கை நீதி என்று சொல்வதன் இரண்டு தூண்கள் இவை. நீதிமன்றத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பாடசாலையில் ஒழுக்காற்று விசாரணை, வேலைத்தலத்தில் பதவிநீக்கம், வியாபார உரிமப் பத்திரம் இரத்து, எங்கும் இவற்றை எழுப்பலாம். குற்றச்சாட்டு என்னவென்று எழுத்தில் தந்தார்களா, மறுமொழி சொல்ல அவகாசம் கொடுத்தார்களா, முறைப்பாடு செய்தவரே விசாரணைக் குழுவிலும் இருந்தாரா? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தாலே பல விசாரணைகளின் ஓட்டை தெரிந்துவிடும்.

இந்தக் கோட்பாட்டின் உலக வரலாற்றில் இலங்கைப் புடைவை வியாபாரி ஒருவருக்கும் இடம் உண்டு. நக்குடா அலி என்பவரின் உரிமப் பத்திரத்தைப் போர்க்கால ஒழுங்குவிதிகளின்கீழ் புடைவைக் கட்டுப்பாட்டாளர் இரத்துச் செய்தார். வழக்கு, அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1950இல் அவர் தோற்றார்: உரிமத்தை இரத்துச் செய்யும் அதிகாரி நீதிபதியைப் போல் நடக்கத் தேவையில்லை, ஆகவே சேர்ஷியோராரி கிடையாது என்றார்கள். ஆனால் 1963இல், பதவிநீக்கப்பட்ட ஓர் ஆங்கிலப் பொலிஸ் அதிகாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை நீதியரசர் ரீட் பிரபு அந்தத் தீர்ப்பின் நியாயத்தைக் கடுமையாக மறுத்தார். ஒருவரின் உரிமையைத் தொடும் முடிவு என்றால் அவரைக் கேட்டே ஆக வேண்டும் என்ற பாதை அங்கிருந்து விரிந்தது. நக்குடா அலிக்குக் கிடைக்காதது அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

குற்றவியல் பக்கம் நான்கைந்து சொற்கள் தெரிந்தால் போதும். மென்ஸ் ரியா, குற்ற மனம்: பஸ்ஸில் வேறொருவரின் பையைத் தன்னுடையதென்று நினைத்து எடுத்து இறங்கியவர் திருடர் ஆகமாட்டார். அக்டஸ் ரியஸ், குற்றச் செயல். அலிபை என்றால் "வேறிடத்தில்": சம்பவ நேரத்தில் நான் அங்கே இருக்கவில்லை என்ற எதிர்வாதம். இதைக் கடைசி நேரத்தில் கிளப்ப முடியாது. முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று நம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது. ஆகவே பொலிசில் வாக்குமூலம் கொடுக்கும்போதே, எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. நொல்லே புரொசெக்குவை, வழக்கை இனி நடத்துவதில்லை என்று சட்டமா அதிபர் எடுக்கும் முடிவு. பிரைமா ஃபேஷி, "முதல் பார்வைக்கு": வழக்கைத் தொடர அளவான சாட்சியம் இருக்கிறது என்பதோடு அது நிற்கிறது, குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றாகாது. செய்தித்தாளில் இதை வாசித்துவிட்டு ஊர் தீர்ப்பெழுதிவிடுவது பெரிய அநியாயம்.

தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் இரண்டைப் பிரித்து வாசிக்க வேண்டும். ரேஷியோ டெசிடெண்டி, தீர்ப்பு எந்தக் காரணத்தில் தங்கி நிற்கிறதோ அது. கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது இதுதான். ஒபிட்டர் டிக்டம், போகிற போக்கில் நீதிபதி சொன்னது. மதிப்பு உண்டு, கட்டாயம் இல்லை. ரெஸ் யூடிகாட்டா என்றால் "தீர்க்கப்பட்ட விடயம்". அதே தரப்பினர் அதே விடயத்துக்கு மறுபடியும் வழக்குப் போட முடியாது.

இவ்வளவு இலத்தீன் தேவையா என்று கேட்டால், இங்கிலாந்தே அதைக் குறைத்துக்கொண்டது. 1999இல் வந்த அவர்களின் குடியியல் நடவடிக்கை விதிகள் எக்ஸ் பார்ட்டே போன்றவற்றை நீக்கி எளிய ஆங்கிலம் வைத்தன. 2004இல் சேர்ஷியோராரியும் மண்டாமுஸும் பெயர் மாறின. நம் நாட்டில் அவை இருக்கின்றன. சட்டத்தரணிகள் தங்களுக்குள் பேசுவதற்கு அவை வசதியானவை, நூற்றாண்டுத் தீர்ப்புகள் அந்தப் பெயர்களில் கோவைப்பட்டுக் கிடக்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கட்சிக்காரரிடம் பேசும்போது தமிழில் சொல்லிப் புரியவைப்பது சட்டத்தரணியின் கடமை என்றே நினைக்கிறேன். கொழும்பின் கீழ் நீதிமன்றங்களில் சிங்களமும் மேல்மட்டத்தில் ஆங்கிலமும் நடக்கும்போது, தமிழ் பேசுகிறவர் இரண்டு மொழிகளைத் தாண்டித்தான் இலத்தீனுக்கே வந்து சேர்கிறார்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்ற மொழி தெரியாத தரப்பினருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெற உரிமை உண்டு. நீதிமன்றத்தில் முதலியார் என்று அழைக்கப்படும் உரைபெயர்ப்பாளர் அதற்காகத்தான் இருக்கிறார். வழக்குக் கூப்பிட்டதும் "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று சொல்லலாம். அது யாரிடமும் கேட்கும் சலுகை அல்ல. சட்டத்தரணியின் கந்தோரில் இருந்து எழுந்து வருமுன் ஒரு தாளில் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வழக்கு இலக்கம், அடுத்த தவணைத் திகதி, அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது. காசு கட்ட வழியில்லாதவர்களுக்குப் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது அது. போகும்போது அழைப்பாணையையும், அது வந்த உறையையும் கையோடு கொண்டுபோங்கள். கடதாசி எந்த நாளில் கைக்கு வந்தது என்பதை அங்கே கட்டாயம் கேட்பார்கள்.